ஒத்தக்கடை குருத்வாராவில் ஒரு பந்தி

போன வருடம் நானும் வீட்டுக்காரரும் அமிர்தசரஸ் போய்விட்டு வந்து எழுதிய பதிவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பொற்கோயிலைப் பற்றி நாலு வரியும், அங்கே போட்ட ரொட்டி பருப்பைப் பற்றி நாற்பது வரியும் எழுதியிருக்கிறேன் என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். உண்மைதான், மறுக்கவில்லை. அந்தப் பதிவின் கீழே ஒரு வாசகி, "அக்கா, அம்புட்டுத் தூரம் போனீங்களே, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு குருத்வாரா இருக்கே, பார்த்ததில்லையா?" என்று கேட்டிருந்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இன்றுவரை குப்பை கொட்டுவதும் மதுரையில். வீடு கே.கே. நகர். ஒத்தக்கடை என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு குருத்வாராவா என்று நான் நம்பவே இல்லை.

அதனால்தான் போன மாதம் முதல் ஞாயிறு கிளம்பினேன். வழக்கமான ஒருநாள் பயணப் பதிவு எழுதலாம், மத்தியானம் ஓசிச் சாப்பாடும் ஆச்சு என்ற கணக்கு. அங்கே பார்த்தது வேறு. இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சர்ச்சில் காலைப் பூசையை முடித்துவிட்டு, பத்தரை மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் ரோட்டு டவுன் பஸ் ஏறினேன். முகப்பில் ரோஸ் பெயின்ட் அடித்த பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. யானைமலை ஜன்னலுக்கு நேரே வந்து படுத்துக்கொண்டதும் இறங்கத் தயாராகிவிடுங்கள், அடுத்த நிறுத்தம்தான் ஒத்தக்கடை. இருபது நிமிடம் ஆனது. இறங்கி, திருமோகூர் ரோட்டு முக்கில் நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, இங்க சிங்கு கோயில்னு ஏதாவது இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"குடோன் கோயிலா? ஏறுங்கக்கா. இருவது ரூவா" என்றார், ஏதோ மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்ட மாதிரி.

ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். "நீங்களும் அங்கதானாம்மா? நல்லதாப் போச்சு. நானும் இன்னைக்குத்தான் மொத மொத போறேன்" என்றார். பெயர் ஞானதுரை. மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். ஒத்தக்கடையில் மாடியும் கீழுமாக ஒரு வீடு கட்டிக் கீழே இவர் இருக்கிறார். மாடியில் ஒரு சிங்கு வாடகைக்கு இருக்கிறாராம்.

"அமர்ஜித் சிங்குன்னு பேரு. பஞ்சாப்பு. கே.கே. நகர்லதான் ஒரு ஸ்கேன் சென்டர்ல வேல. தங்கமான பய. சாயந்தரம் வந்தா நானே அவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறேன். அ, ஆவன்னாவுல ஆரம்பிச்சோம். இன்னைக்குத் தினத்தந்திய எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்னா பாத்துக்கங்க! ழகரந்தான் இன்னும் வரல. 'தமிள்'ங்கிறான், 'பளம்'ங்கிறான். விட மாட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அப்படி ஒரு பூரிப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பையன் எங்கே போகிறான் என்று விசாரித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவனை அசத்த வேண்டும் என்று பழத்தோடு கிளம்பியிருக்கிறார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "எந்தச் சர்ச்சும்மா, எந்தப் பங்கு?" என்று கேட்டார். சொன்னேன். "சொந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "அட, அப்ப நம்ம ஆளுகதான்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆட்டோவில் இதெல்லாம் சாதாரணமாகக் கேட்பதுதானே என்று அப்போது தோன்றியது.

மூன்று கிலோமீட்டர் போனதும் வயல்களுக்கும் புதிதாகக் கல் ஊன்றிய மனைகளுக்கும் நடுவே ஒரு தகரக் கூரை. முன்பு கோழித் தீவனம் அடுக்கிய குடோன். வாசலில் காவித் துணி சுற்றிய உயரமான கொடிமரம். நான் ஏதோ கட்சி ஆபீஸ் என்று நினைத்து அதைத் தாண்டியே போயிருப்பேன். ஆட்டோக்காரர்தான், "இதேன், இறங்குங்க" என்றார்.

செருப்பைக் கழற்றி, கால் கழுவி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனேன். ஞானதுரை சார் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டார். உள்ளே நீலத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர், பட்டு விரித்த மேடையில் வைத்திருந்த குரு கிரந்த சாகிபை வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே முப்பது பேர் இருப்பார்கள். அமிர்தசரஸில் கேட்ட அதே ராகம். கண்ணை மூடினால் பஞ்சாப். வாசிப்பு முடிந்தது. அந்த நீலத் தலைப்பாகைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பின்னால் திரும்பி, "ஏய், அந்த ஃபேன எவன்டா அமத்துனது? புழுங்கிச் சாகுறோம்ல" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. சுற்றிலும் பார்த்தேன். தலைப்பாகை கட்டிய அத்தனை பேரும், துப்பட்டா போர்த்திய அத்தனை பேரும் நம்மூர் ஆட்கள். மேலூர், திருமங்கலம், சோழவந்தான். ஒரு பஞ்சாபியைக் கூடக் காணோம்.

நீலத் தலைப்பாகைக்காரர் பெயர் கரம் சிங். பழைய பெயர் கருப்பையா. லாரி டிரைவர். வருடக்கணக்கில் வடக்கே லோடு அடித்தவர். "லூதியானாகிட்ட வண்டி கவுந்து ரெண்டு காலும் ஒடிஞ்சு போச்சும்மா. ஓனரு வண்டியப் பாக்க வந்தான், என்னைய பாக்க வரல. குருத்வாராவுலதான் வச்சுக் கஞ்சி ஊத்துனாக. பீயள்ளுனாக. எந்த ஊரு, என்ன சாதின்னு ஒருத்தன் கேக்கல. எந்திரிச்சு நடந்த அன்னைக்கு, போறதா இருக்கறதான்னு யோசிச்சேன். எழுத்துப் படிச்சேன், தலப்பா கட்டுனேன், ஊருக்கு வந்துட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போது என்னைவிட என் கையில் இருந்த வாழைப்பழச் சீப்பையே அதிகம் பார்த்தார். ஞானதுரை சார் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "நம்ம சிங்கு எங்க?" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அமர்ஜித் கடைக்குப் போயிருக்கிறான், பந்திக்கு வந்துவிடுவான் என்றார்கள்.

பழத்தைக் கொடுக்கும் சாக்கில் சமையல் பக்கம் போனேன். (என் கால் அந்தப் பக்கம்தான் போகும், தெரியுமே.) தகரத் தடுப்புக்குப் பின்னால் மூன்று விறகடுப்பு. ஒன்றில் பருப்பு, ஒன்றில் தட்டைப்பயறும் கத்திரிக்காயும், ஒன்றில் ரொட்டிக் கல். நானும் சப்பணம் போட்டு உட்கார்ந்து ரொட்டி தேய்த்தேன். நான் தேய்த்தது மேப்பில் பார்க்கும் இலங்கை மாதிரியே வந்தது. பக்கத்தில் தேய்த்த அம்மா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுப்படிக்குத் தலைவி ஜஸ்வந்த் கௌர், பழைய ஜெயலட்சுமி. "நீங்க எதனால சேந்தீங்க?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்க வேண்டும், பதிவுக்கு ஆகும் என்ற நினைப்பு. அவர் கரண்டியை நீட்டி, மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தலைப்பாகைக்காரரைக் காட்டினார். "அந்தா உக்காந்திருக்காரே, எம்புருசன். இங்க வந்ததுலருந்து குடிக்கிறதில்ல. பீடி இல்ல. எனக்கு குருவும் தெரியாது, கிரந்தமும் தெரியாது. அவரு குடிய விட்டாரு. அதுக்கு நா சாகுற வரைக்கும் இங்க ரொட்டி சுடுவேன்." கணவர் வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நா எதுக்கு வந்தேன்னு கேளுங்க. இவ வீட்டுல சோறு போட மாட்டேன்னுட்டா. அதேன் இங்க வந்தேன்" என்றார். அடுப்படியே சிரித்தது.

சிரிப்போடு சிரிப்பாகப் பக்கத்து அம்மாவிடமும் கேட்டேன். பாண்டியம்மா என்று பெயர். மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். "எனக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதேன்" என்றார். "நா வாரது எம்மகனப் பாக்க."

"மகன் எங்க இருக்காரு?"

"இந்தா ஒத்தக்கடையிலதேன் குடியிருக்கான். நல்ல வீடாம். மாடியாம். நா அந்தப் படிய மிதிச்சதில்ல. ஞாயித்துக்கெழம இங்க வந்தா அவங்கூட உக்காந்து ஒரு வாய் திம்பேன். அதுக்குத்தேன் முக்காடு போட்டுக்கிட்டு வாரது."

எனக்குப் புரியவில்லை. பெற்ற மகன் வீட்டுக்கு ஏன் போகக்கூடாது? மருமகள் ஒத்துவரவில்லையா என்று கேட்டேன். ஜஸ்வந்த் கௌர்தான் பதில் சொன்னார். "அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. வீடு கேட்டுப் போற எடமெல்லாம் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டிருக்காக. காலனித் தெருன்னதும், சொல்லி விடுறோம்பாக. எவனும் சொல்லிவிட மாட்டான். ஒரு நா இங்கருந்து தலப்பாவோட போயிக் கேட்டிருக்கான். அந்த ஓனரு, பஞ்சாபான்னு கேட்டாராம். இவன் தலைய ஆட்டிப்புட்டான். அன்னைக்கே சாவியக் குடுத்துட்டாரு. ரெண்டு வருசமா இவன் அந்த வீட்டுல பஞ்சாபி. ஆத்தா போயி 'ஏலே அழகு'ன்னு வாசல்ல நின்னா என்னாகும்?"

என் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. "அந்த ஓனர் பேரு ஞானதுரையா?" என்று கேட்டேன். "வெளிய உக்காந்திருக்காரு. என்கூடத்தான் ஆட்டோவுல வந்தாரு."

பாண்டியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று எழுந்துவிட்டார். குடோனுக்கு ஒரே ஒரு ஷட்டர் வாசல்தான், பின்பக்க வழி கிடையாது. தடுப்பின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் மூன்று பேரையும் கும்பிட்டார். "ஆரும் வாயத் தொறந்துராதீக. அவனுக்கு வீடு போயிரும். நா வேத்தாளு மாதிரி இருந்துக்கிறேன்."

ஒருவரைப் பார்த்து அப்படிப் பயப்படும் ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமான மனிதர், ஒரு மணி நேரத்துக்கு முன் எனக்குப் பிடித்துப்போன ஒரு நல்ல வாத்தியார் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்குப் பந்தி. நீளமான கோரைப்பாய். யாருக்கும் நாற்காலி இல்லை, யாருக்கும் தனி வரிசை இல்லை. முழங்கால் வலியோடு ஞானதுரை சார் பிடிவாதமாகத் தரையில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது ஷட்டர் வாசலில் ஒரு மோர் டின்னைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் இளைஞன் வந்தான். செந்நிறத் தலைப்பாகை, சீராக வாரிக் கட்டிய தாடி. சாரைப் பார்த்ததும் டின் தோளிலிருந்து நழுவப் பார்த்தது.

"சார்! ஆப்... யஹாங்?" என்றான், நீங்கள் இங்கேயா என்று ஹிந்தியில்.

"தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு!" என்று சார் குழந்தை மாதிரி கைதட்டினார்.

"நான்... மிகவும்... சந்தோசம், சார்" என்றான் அவன். ஒவ்வொரு சொல்லையும் புதிதாகப் பொறுக்கி எடுப்பவன் போல. மேலூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

தடுப்பு ஓரத்தில் ரொட்டிக் கூடையோடு பாண்டியம்மா நின்றிருந்தார். மகன் இப்படிப் பேசி அவர் ஒருநாளும் கேட்டதில்லை போல. அவன் ஒளிந்து வாழ்வது அவருக்குத் தெரியும். எப்படி ஒளிகிறான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அமர்ஜித் சாருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். பரிமாற ஆரம்பித்தார்கள். அங்கே ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். சார் அழகாக ஏந்தி வாங்கி, பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டு, "என்னா ருசி!" என்றார். இரண்டாவது சுற்று ரொட்டிக்குப் பாண்டியம்மா வந்தார். ஜஸ்வந்த் கௌர் கூடையைக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. மகனுக்கு ஒரு ரொட்டி தன் கையால் வைத்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். சார் கையை ஏந்தியபடி நிமிர்ந்து பார்த்தார். மனிதருக்கு யாரைப் பார்த்தாலும் பேச வேண்டும்.

"இந்தம்மா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கே. எந்த ஊரும்மா?"

பாண்டியம்மா ஊரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

அதே கேள்வி. ஆட்டோவில் என்னிடம் கேட்ட அதே குரல், அதே அன்பு.

பாண்டியம்மா ஒரு அடி பின்னால் போனார். முதுகு தானாக வளைந்தது. "நா சமையலுக்கு வந்தவ, சாமி" என்றார்.

அந்தக் குடோனுக்குள் நான் வந்ததிலிருந்து அண்ணே, அக்கா, யம்மா என்றுதான் கேட்டிருந்தேன். அந்த 'சாமி' விழுந்ததும் பாயில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பருப்பு வாளியோடு கரம் சிங் நின்ற இடத்திலேயே நின்றார்.

அமர்ஜித் எழுந்தான். அம்மாவின் கையிலிருந்த கூடையை வாங்கினான். தான் உட்கார்ந்திருந்த இடத்தில், தோளைப் பிடித்து அவரை உட்காரவைத்தான். அவர் "வேணாம்டா, வேணாம்டா" என்று முனகினார். பிறகு அவன் சாரைப் பார்த்துச் சொன்னான், சுத்தமான மேலூர்ப் பேச்சில்:

"இது எங்கம்மா, சார். எம்பேரு அழகுராசா. காலனித் தெரு. இனி நீங்க ஆரையும் கேக்க வேணாம்."

சார் கையில் பாதி ரொட்டி இருந்தது. அவர் பாண்டியம்மாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அந்த ரொட்டியைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் பந்தியில் பாதியில் எழுவது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பது என்று நம்மூரில் சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்களே. அந்தப் பழக்கம் அவரைப் பிடித்து உட்காரவைத்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டார். மென்றாரா விழுங்கினாரா தெரியாது. அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பாண்டியம்மா. அந்த அம்மா தட்டைத் தொடவே இல்லை. மூவரும் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கை கழுவும் குழாயடியில்தான் சார் வாயைத் திறந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதார்.

"அ, ஆவன்னா எழுதிக் காமிச்சேனேப்பா. உங்கையப் புடிச்சு எழுதவச்சேனே. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா உக்காந்திருந்த?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தேன் சார். மன்னிச்சுருங்க. நீங்க சொல்லிக் குடுக்குறப்ப நல்லா இருக்கும் சார். எங்க பள்ளிக்கூடத்துல என்னைய எவரும் கையப் புடிச்சு எழுதவச்சதில்ல."

"மறைச்சுப்புட்டியே. உள்ளதச் சொல்லிக் கேட்டிருந்தா நா வீடு குடுத்திருப்பேனேப்பா."

"குடுத்திருப்பீகளா, சார்?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். சார் குழாயைத் திருகி மூடினார். மூடிய குழாயை மறுபடி மூடினார். ரோட்டைப் பார்த்து நடந்தார்.

நான் கொஞ்ச நேரம் இருந்தேன். அமர்ஜித் அம்மாவுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். கரம் சிங் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தலப்பா கட்டுறது நாலு பேரு மத்தியில தெரியிறதுக்குடா. நீ ஒளியிறதுக்குக் கட்டுன. நா ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத்தேன்டா நீ சரியாக் கட்டிருக்க" என்றார். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "மொதல்ல வீட்டுக்காகத்தேன்க்கா கட்டுனேன். பொய் சொல்லல. இப்ப இது இல்லாம வெளிய போனா எனக்கே நா ஆருன்னு தெரியல. எப்ப மாறுச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

ரோட்டுக்கு வந்தால் சார் எனக்காக ஷேர் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார். ஏறினேன். ஒத்தக்கடை முக்கு வந்தது. இறங்கும் முன் அவரே சொன்னார்.

"குடுத்திருக்க மாட்டேம்மா."

ஆட்டோ நின்றும் அவர் இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறேன். பக்கத்துல இருக்கவுகளுக்குச் சமாதானம் சொல்லிக்கிற நேரத்துல எட்டுத் திசைக்கும் கும்புடு போடுறேன். ஆனாலும் குடுத்திருக்க மாட்டேன். அந்தப் பயலுக்கு அது தெரிஞ்சிருக்கு பாருங்க." எனக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். ஆட்டோவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். காலையில் 'நம்ம ஆளுகதான்' என்று அவர் சொன்னதும் நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு எனக்கு அடங்காத வெட்கமாக இருந்தது. யோசித்தெல்லாம் சிரிக்கவில்லை. யோசிக்காமல் வந்த சிரிப்பு என்பதுதான் அதிர்ச்சி.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டு டவுன் பஸ் எல்லாமே ஒத்தக்கடையில் நிற்கும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், தனி ஆட்டோ என்றால் நூறு கேட்பார்கள், எண்பதுக்கு வருவார்கள். "குடோன் கோயில்" என்றால்தான் தெரியும். ஞாயிறு பதினோரு மணிக்கு வாசிப்பு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. தலையை மூட ஒரு துணி கொண்டு போங்கள், மறந்தால் அவர்களே தருவார்கள். பீடி, சிகரெட், பான்பராக் எதுவும் பையில்கூட இருக்கக்கூடாது. ரொட்டியை இரண்டு கையாலும் வாங்குங்கள், தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். வெறும் கையோடு போகவேண்டாம், கோதுமை மாவோ காய்கறியோ போதும். ரொட்டி தேய்க்க ஆள் பற்றாக்குறை, உட்கார்ந்து உதவினால் சந்தோஷப்படுவார்கள். வெயில் தாழ்ந்ததும் திருமோகூர் பெருமாள் கோயிலையும் யானைமலை அடிவாரத்து நரசிங்கர் கோயிலையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஹிந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். யாரிடமும் ஊர் கேளுங்கள், தப்பில்லை. தெரு கேட்காதீர்கள்.

போன வாரம் இந்தப் பதிவுக்கு அனுமதி கேட்டு அமர்ஜித்துக்குப் போன் செய்தேன். மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், மாடி வேண்டியிருக்கிறது என்று சார் சொல்லிவிட்டாராம். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையாம். சாமான் கட்ட அம்மா வந்திருக்கிறார். கேட்டில் நின்ற சார், "வாங்கம்மா" என்று வழிவிட்டிருக்கிறார். பாண்டியம்மா அந்தப் படியை மிதித்தது அன்றைக்குத்தான். மாடி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருதேடா" என்றாராம். இப்போது அவன் குடோனிலேயே ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறான். வீடு பார்க்கிறாயா என்று கேட்டேன். "பாக்குறேன்க்கா. தலப்பாவோடதேன் போறேன். ஆனா இந்தத் தடவ தமிழ்லயே கேக்குறேன். மொதல்லயே தெருவையும் சொல்லிருறேன்" என்றான். இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே இதை வாசிப்பவர்களில் ஒத்தக்கடையிலோ கே.கே. நகரிலோ மாடி வீடு வாடகைக்கு வைத்திருப்பவர் யாராவது இருந்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். நல்ல வேலையில் இருக்கும் பையன். குடி, புகை கிடையாது. தங்கப்போவது ஒருவர்தான்.

அம்மா அடிக்கடி வந்து போவார்.